பெயர் சொல்லாத ஆறு மணிச் செய்தி

அந்தப் படத்தை உங்களில் யாரோ மறுபடியும் தேடி எடுத்துவிட்டீர்கள். தோளில் புரளும் செம்பட்டைச் சுருள் பொய்முடி, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, சித்திரவேலை செய்த பச்சைச் சட்டை, இவ்வளவுக்கும் நடுவில் மன்னார் வெயிலில் பிறந்த என் முகம். உங்கள் குழுவில் சுற்றித் திரிந்து, கடைசியில் என் மகளின் தொலைபேசி வழியாக என்னிடமே வந்து சேர்ந்தது. கீழே ஒருவர் "அன்ரி, இஸ் திஸ் ரியலி யூ?" என்று கேட்டிருந்தார். நான்தான் பிள்ளைகளே. வேறு யார் அந்தக் கோலத்தில் அப்படி முறைத்துக்கொண்டு நிற்பார்கள்?

சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் கொஞ்சம் கேளுங்கள். செய்தியறைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். கமரா, மைக், படத்தொகுப்பு இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டேன். நான் அயர்லாந்து நடனக்காரியாக இருந்து தொலைக்காட்சிக்கு வந்தவள். இரண்டு தொழிலிலும் எனக்குப் பழக்கமான ஒன்று, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதறாமல் ஒரு முடிவை எடுப்பது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மன்னாரிலிருந்து நாங்கள் குடிபெயர்ந்து வந்த ஸ்காபரோவில் நான் படித்த கத்தோலிக்கப் பள்ளியில் மாலை நேரத்தில் இலவசமாக நடந்த ஒரே வகுப்பு அதுதான். அம்மா பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை முடித்து வரும்வரை என்னை எங்காவது வைத்திருக்க வேண்டும். கலை ஆர்வம், கனவு என்று யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். கொண்டுபோய்ச் சேர்த்த முதல் கிழமையே அப்பா வந்து பார்த்துவிட்டு, வீடு வரும்வரை பேசவில்லை. வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "உதென்ன டான்ஸ்? பிள்ளையின்ர கையைக் கட்டிப்போட்டு ஓடவிட்ட மாதிரியல்லோ கிடக்கு."

அவர் சொன்னது பிழையில்லை. அந்த நடனத்தில் இடுப்புக்கு மேலே எதுவும் அசையக் கூடாது. கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். முகம் நேராக, தோள் நேராக. கீழே கால்கள் மட்டும் பிசாசு பிடித்ததுபோல் அடிக்கும். எங்களுக்குக் கற்பித்தவரை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் என்னவென்று இன்றும் எனக்குத் தெரியாது. குதிக்காலில் ஆணி குத்தினாலும் முகத்தில் அது தெரியக் கூடாது என்பார். இசை நிற்கும்வரை நிற்கக் கூடாது என்பார். போட்டியில் இடையில் நின்ற பிள்ளைக்கு நடுவர் புள்ளி போடுவதில்லை, ஆகவே அதுவே எங்கள் வேதம்.

ஒஷாவாவில் ஒரு போட்டி. அங்கே மூன்று பேரை ஒரே மேடையில் ஏற்றுவார்கள். இசை ஒன்று, ஆனால் ஆளுக்கு ஒரு ஆட்டம். மோதிக்கொள்ளாமல் ஆடுவது உங்கள் கெட்டித்தனம். அன்று காலையில் அம்மா என் தலையில் வழக்கம்போல நல்லாகத் தேங்காயெண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி அனுப்பியிருந்தார். அதற்கு மேலே பொய்முடியை ஊசிகளால் குத்திப் பூட்டினார்கள். எண்ணெய்த் தலையில் ஊசி எங்கே நிற்கும்? முதல் துள்ளலில் அது அசைந்தது. மூன்றாவது துள்ளலில் முழுதாகச் சரிந்து கண்ணை மூடிவிட்டது.

ஒன்றும் தெரியவில்லை. மேடையின் விளிம்பு எங்கே என்று தெரியாது. வலப்பக்கத்தில் ஒருத்தியும் இடப்பக்கத்தில் ஒருத்தியும் ஆடுகிறார்கள், அவர்களின் சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்கிறது. கையை உயர்த்திப் பொய்முடியைத் தள்ளலாம், ஆனால் கை அசைந்தால் தோல்வி.  இரண்டு பக்கச் சத்தத்துக்கும் நடுவில் ஒரு பாதை பிடித்துக் கடைசிவரை ஆடி முடித்தேன். கீழே இறங்கியதும் மிஸ் என் கன்னத்தைத் தட்டி, "இசை நிற்கவில்லை, நீயும் நிற்கவில்லை" என்றார். அம்மாவிடம் இனிமேல் எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொன்னபோது, "எண்ணெய் வைக்காமல் ஒரு பொம்பிளைப் பிள்ளையைச் சபைக்கு அனுப்பிறதே?" என்று கேட்டார். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

பிறகு ஒரு நடனக் குழுவோடு சில வருடங்கள் ஊர் ஊராகத் திரிந்தேன். முழங்கால் போன பிறகுதான் இதழியல் படித்தேன். தொலைக்காட்சியில் முதல் வேலை, பனிப்புயல் அடிக்கும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று பனிப்புயல் அடிக்கிறது என்று சொல்வது. ஒருநாள் நேரலையில் நின்றபோது பனி அள்ளும் வாகனம் ஒன்று என் முதுகில் ஒரு சுவர் அளவு சேற்றுப்பனியைக் கொட்டிவிட்டுப் போனது. நான் வசனத்தை முடித்து, நன்றி சொல்லி, ஸ்ரூடியோவுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எங்கே எது எரிந்தாலும் இடிந்தாலும் என்னைத்தான் அனுப்பினார்கள். இவள் பதற மாட்டாள், நிற்க மாட்டாள் என்பது அதிகாரிகளின் கணக்கு. எனக்கும் அதில் பெருமை இருந்தது.

காதில் நாம் போட்டுக்கொள்ளும் இயர்பீஸ் ஒரு பொல்லாத சாமான். அதற்குள் இருந்து ஒருவர் "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணத் தொடங்கியதும் என் உடம்பு தானாக இசைக்கு எழும்பிவிடும். அந்தக் குரல் போ என்றால் போவேன். அது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று எனக்குக் காட்டிய நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

குளிர் தொடங்கும் காலம். யூனியன்வில் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்து இறந்துவிட்டார். பிற்பகலில் நான் அங்கே போனபோது பொலிசார் பெயரை வெளியிட்டிருந்தார்கள். பார்த்ததும் எங்கள் ஆள் என்று தெரிந்தது, அதுவும் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெயர். குடும்பத்தினருக்கு அறிவித்தாயிற்று என்றும் பொலிஸ் பேச்சாளர் சொன்னார். நான் எடுத்த பேட்டிகள், பெயர், வேலைத்தளத்தில் ஒருவர் தந்த அவருடைய புகைப்படம் எல்லாம் உடனே நிலையத்துக்குப் போயின. அங்கே ஹெலன் என்ற என் தயாரிப்பாளர் அவற்றை ஒரு தொகுப்பாக வெட்டி ஒட்டினார். ஆறு மணிச் செய்தியின் முதல் செய்தி அதுதான். இறந்தவருடைய வீடு இருக்கும் டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தின் முன்னால் நின்று நான் நேரலையில் அறிமுகம் செய்ய வேண்டும்.

கமராக்காரர் டெரியோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. டெரி நியூஃபவுண்ட்லாந்துக்காரர். ஆள் மலைபோல இருப்பார், வாய் திறப்பது குறைவு. அவர் வயர்களை இழுக்கும்போது நான் அயலவர் ஒருவரின் பேச்சை எடுக்கலாம் என்று உள்ளே போனேன். ஏழாம் மாடியில் அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளே பெண்கள், பிளாஸ்குகளில் தேநீர், சுவாமி படத்தின் முன்னால் ஒரு மெழுகுதிரி. ஆனால் சத்தம் இல்லை. ஒருவரும் அழவில்லை. எங்கள் ஆட்களின் செத்த வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். 

பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் என்னைக் கண்டு நடைபாதைக்கு ஓடி வந்தார். என் கையிலிருந்த மைக்கைத்தான் முதலில் பார்த்தார்.

"பிள்ளை, உதை உள்ளுக்கு வை. கத்திக் கதையாதை. பிள்ளையள் ரெண்டும் என்ர வீட்டில நிக்குதுகள்."

"அன்ரி, அவரின்ர மனுசி எங்கை?"

"வேலையில நிக்கிறா. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை."

"பொலிஸ் வீட்டுக்குச் சொல்லிட்டுதாமே?"

"அவரின்ர தமையனுக்குத்தான் சொன்னது. தமையன்தான் அந்த வேலையில சேத்துவிட்டவர், அவரின்ர நம்பர்தான் அங்கை குடுத்திருந்தது. அவர் எங்களுக்குப் போன் அடிச்சுச் சொன்னவர். தான் ஒஷாவாவில இருந்து வந்து, ஃபாதரையும் ஏத்திக்கொண்டு போய் நேரை சொல்லுறன், அதுவரைக்கும் ஒருத்தரும் அவவுக்கு வாய் திறக்கக் கூடாது எண்டு. எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கு."

இது உங்களுக்குப் புதிதில்லை. எங்கள் வீடுகளில் சாவை ஒருவர் தொலைபேசியில் உடைப்பதில்லை. முதலில் ஆட்கள் வந்து சேர வேண்டும், பிள்ளைகளை அப்புறப்படுத்த வேண்டும், பிடிப்பதற்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சொல்வோம். ஒருவருக்கு அறிவித்தால் குடும்பத்துக்கே அறிவித்தாகிவிட்டது என்று பொலிசார் நினைத்ததில் அவர்களுக்குக் குற்றமில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவருடைய வேலை அப்போதுதான் தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

"அவ எங்கை வேலை அன்ரி?"

"நேர்சிங் ஹோமில. போனை லொக்கரில வைச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போக வேணும், அது நல்லதாப் போச்சு." அன்ரி மறுபடியும் என் மைக்கைப் பார்த்தார். கேட்க வேண்டியதை அவர்தான் கேட்டார். "ஆறு மணிக்கு அங்கை கிழடுகளுக்கு வாயில சாப்பாடு தீத்துற நேரம். சாப்பாட்டு அறையில ரீவி போட்டபடிதான் கிடக்கும். உங்கட சனல்தான். எங்கட தமிழ்ப்பிள்ளை ஒண்டு அதில வாறது எண்டு அவ எங்களுக்குப் பெருமை பேசுறவ. பிள்ளை, நீ உதை இண்டைக்குச் சொல்லப்போறியே?"

தமையன் எங்கே வருகிறார் என்று கேட்டேன். 401 நெடுஞ்சாலை இறுகிக் கிடக்கிறதாம், இன்னும் ஸ்காபரோவுக்குள் வரவில்லையாம்.

கீழே ஓடி வந்து ஹெலனுக்கு அழைத்தேன். ஹெலனைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். இருபது வருடங்களில் நான் வேலை செய்த தயாரிப்பாளர்களில் அவரைப்போல் நேர்மையானவர் இல்லை. மனைவிக்கு இன்னும் தெரியாது என்றேன். குடும்பத்துக்கு அறிவித்தாயிற்று என்று பொலிஸ் உறுதி செய்திருக்கிறது என்றார். அறிவித்தது தமையனுக்கு என்றேன். மற்ற நிலையங்களிடமும் பெயர் இருக்கிறது, நாங்கள் நிறுத்தினால் அவர்கள் சொல்லப்போகிறார்கள் என்றார். அவள் பார்க்கப்போவது எங்கள் நிலையத்தை என்றேன்.

அப்போது ஹெலன் இன்னொன்றையும் கேட்டார். "ஒரு தமிழ்த் தொழிலாளி விழுந்தார் என்ற கதை ஏற்கெனவே பரவிவிட்டது. இன்று கட்டட வேலைக்குப் போன உங்கள் ஆட்கள் எத்தனை பேர்? அத்தனை பேருடைய வீட்டிலும் இப்போது ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். பெயரைச் சொன்னால் அவர்கள் மூச்சு விடுவார்கள். உன்னுடைய ஒருத்திக்காக அவர்கள் எல்லோரையும் பயத்தில் வைத்திருக்கப்போகிறாயா?"

 இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

"தொகுப்பில் பெயரும் படமும் இருக்கிறது, வெட்டி எடுக்க நேரமில்லை. நீ அறிமுகத்தைச் சொல், கியூவைக் கொடு" என்று ஹெலன் முடித்துவிட்டார். கியூ என்பது அறிமுகத்தின் கடைசி வரி. நாங்கள் முன்பே பேசி வைத்திருக்கும் அந்த வரி என் வாயிலிருந்து வந்ததும் கட்டுப்பாட்டு அறையில் தொகுப்பை ஓடவிடுவார்கள். தொகுப்பு தொடங்கும்போதே அந்த மனிதரின் முகம் திரை முழுக்க வரும்.

டெரியிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் கமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னணியில் அந்தக் கட்டடத்தின் வாசல், அதன் மேல் எண், முன்னால் குந்தியிருக்கும் சிவப்புத் தபால் பெட்டி. இறந்தவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் நுழைகிற வாசல். பெயரே சொல்லாவிட்டாலும் அந்த வாசல் அவளுக்குச் சொல்லிவிடும்.  டெரி கமராவைத் தாங்கியோடு தூக்கி எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார். இப்போது என் பின்னால் வாகனத் தரிப்பிடத்தின் வெறும் மதில்.

எங்கள் இருவரின் காதிலும் ஹெலனின் குரல் வந்தது. "என்ன இது? கட்டடம் எங்கே?" டெரி கேட்காதவர்போல் நின்றார். செய்தியின் தொடக்க இசை ஓடியது. எண்ணத் தொடங்கினார்கள்.

என்ன சொல்லப்போகிறேன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. ஸ்ரூடியோவில் செய்தி வாசிப்பவர் என்னை அழைத்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "இன்று நகரத்தின் ஒரு கட்டட வேலைத்தளத்தில் ஒரு தொழிலாளி விழுந்து உயிரிழந்தார். அவருடைய பெயர் எங்களிடம் இருக்கிறது. ஆனால் அதை முதலில் அறிய வேண்டிய ஒருவருக்கு இன்னும் சொல்லப்படவில்லை. அதைச் சொல்லப் போகிறவர் இப்போது வழியில் இருக்கிறார்."

அதோடு கியூ வரி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொய்யில்லை, வாய் அரைவாசி திறந்துவிட்டது. காதில் "கியூ, கியூவைக் கொடு" என்று கத்துகிறார்கள். இசை ஓடுகிறது, கால் எழும்புகிறது, உடம்பு முழுவதும் போ போ என்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக இசை ஓடிக்கொண்டிருக்கும்போது நான் நின்றேன். அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று பிறகு பலர் பல கணக்குச் சொன்னார்கள்.  கையில் மைக் நடுங்குவது திரையில் தெரிந்திருக்கும்.

பிறகு செய்தி வாசிப்பவரின் பெயரைச் சொல்லி, "அவர் போய்ச் சேரும்வரை நாங்கள் பொறுத்திருக்கிறோம், உங்களிடம் திரும்புகிறேன்" என்றேன். அவர் அடுத்த செய்திக்குப் போனார். இத்தனை பேருக்கு முன்னால் நான் அப்படிச் சொன்ன பிறகு, அந்தத் தொகுப்பை ஓடவிட அங்கே யாருக்கும் கை வரவில்லை.

 மறுநாள் ஹெலன் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "சொல்ல மாட்டேன் என்று முன்னாலேயே நீ எனக்குச் சொல்லியிருந்தால் உன்னை எடுத்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். நீ ஊரைக் கூட்டி என் கையைக் கட்டிப்போட்டாய். அவளுக்காகச் செய்தது சரி. எனக்குச் செய்தது சரியில்லை." என்னை நேரலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். குளிர்காலம் முழுவதும் மேசையில் இருந்து மற்றவர்களின் செய்திகளைத் திருத்தினேன். ஹெலனின் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது, ஆனாலும் உள்ளே கொதித்தது.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். ஹெலன் என்னைக் கூப்பிட்ட அதே நாள் நிலையத்துக்கு ஒரு தமிழ்த் தாய் அழைத்து, என்னோடு பேச வேண்டும் என்று கேட்டார். "என்ர மகனும் கட்டட வேலைதான். அவன் போன் எடுக்கேல்லை. நீ பேரைச் சொல்லாமல் விட்டதில அவன் வந்து கதவைத் தட்டுமட்டும் நான் செத்துப் பிழைச்சன். உனக்குப் பிள்ளையள் இல்லையோ?" என்று பேசினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளாமலே தொலைபேசியை வைத்தார். ஹெலன் கேட்ட கேள்வியின் முகம் அதுதான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும்படி அந்த அன்ரி சொல்லியனுப்பினார். போகத் தயக்கமாகத்தான் இருந்தது. பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பாடு. ஒரு ஓரமாக இருந்த என்னிடம் இறந்தவருடைய மனைவி தானே வந்து பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புச் சட்டை, காதில் ஒன்றுமில்லை.

"அக்கா, நான் அண்டைக்கு உங்களைப் பாத்தனான்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "எங்கை?"

"வேலையிலதான். ஒரு அம்மாவுக்குச் சூப் தீத்திக்கொண்டிருந்தனான். நீங்கள் ஒருநாளும் அப்பிடி நிக்கிற ஆளில்லை. கை நடுங்கினது. வழியில ஒராள் வாறார் எண்டனீங்கள். எனக்கு அப்பவே விளங்கிட்டுது."

நான் செய்ததெல்லாம் வீண் என்று அந்த இடத்திலேயே நினைத்தேன். வாய் திறந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்லை அக்கா, கேளுங்கோ. அந்த அம்மாவுக்கு மிச்சச் சூப்பையும் தீத்தி, வாயைத் துடைச்சுவிட்டன். பக்கத்தில நிண்ட பிள்ளையை என்ர மேசையைப் பாக்கச் சொல்லிப்போட்டு, உள்ளுக்குப் போய் யூனிஃபோமை மாத்தினன். என்ர உடுப்போட கதிரையில இருந்தன். கொஞ்ச நேரத்தால இவரின்ர தமையன் அத்தானும் ஃபாதரும் வந்து கதவடியில நிக்கினம். அத்தானுக்கு முகம் முகமா இல்லை. அந்த வேலைக்குச் சேத்துவிட்டது தான் எண்டு அவர் தனக்குள்ள செத்துக்கொண்டு வந்திருக்கிறார். இவர் இல்லை எண்டதை அவர் வாயால சொல்ல வேண்டி வரேல்லை. 'எனக்குத் தெரியும் அத்தான், வந்து இருங்கோ' எண்டன். ரீவியில இவரின்ர படத்தைக் கண்டிருந்தா நான் அங்கையே விழுந்திருப்பன். அத்தான் வந்து என்னைத் தூக்கியிருப்பார்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பூசைக்குப் போன இடத்தில் நான் அவரைத் தேற்றுவதை விட்டு, அவர் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். இத்தோடு இதை முடித்திருந்தால் உங்களுக்கு நல்ல கதையாக இருந்திருக்கும், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

எழும்பப் போனவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். "ஒண்டு கேக்கட்டே அக்கா? உங்கட சனலில அதுக்குப் பிறகும் அவரின்ர பேர் வரவே இல்லை. அடுத்த நாள் பாத்தன், அதுக்கு அடுத்த நாளும் பாத்தன். மற்ற ஆக்கள் எல்லாம் சொன்னவை, நான் பாக்கிற சனலில மட்டும் அவர் ஒரு தொழிலாளி. மூத்தவன் கேக்கிறான், அம்மா, வை டிட்ன்ட் தே சே டாட்ஸ் நேம் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் சொன்னது உண்மை. பொறுத்திருக்கிறோம் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்த நான், மறுநாள் இறக்கப்பட்டேன். அன்று வேறு ஒரு தீ, வேறு ஒரு விபத்து. அந்தத் தொகுப்பை எடுத்து ஓடவிட வேண்டும் என்று ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும் நினைவில்லை. என்னுடைய அவமானத்தையும் கோபத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு மேசையில் இருந்தேன். ஒரு பெயரைச் சொல்லாமல் விடத் தெரிந்த எனக்கு, அதை உரிய நேரத்தில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் போயிற்று. ஒன்றை நிறுத்தி வைப்பவர்தான் அதைத் திரும்பத் தொடங்கவும் வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான்.

பனி கரையும் காலத்தில் அந்த விபத்துக்கான விசாரணை தொடங்கியது. ஹெலனிடம் நேரே போய், இதற்கு என்னை அனுப்புங்கள், நேரலையில் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போதே சொல்கிறேன், பிடிக்காவிட்டால் வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். முதல் வரியைச் சொல்லிக் காட்டினேன். அவர், "பெயரை அவர்கள் வீட்டில் சொல்கிற மாதிரிச் சரியாக உச்சரி" என்றார்.

விசாரணை மண்டபத்தின் வாசலில் டெரி கமராவை வைத்தார். நேரம் ஆறு மணி, நேர்சிங் ஹோமில் சாப்பாடு தீத்துகிற நேரம். காதில் எண்ணத் தொடங்கினார்கள். வாழ்த்தவில்லை, வணக்கம் சொல்லவில்லை, இடத்தைச் சொல்லவில்லை.

"செபஸ்தியான் அமலதாஸ்" என்று தொடங்கினேன்.